தலைவருக்குக் கட்டிய மாலை

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றும் ஒரு குட்டியானை வண்டியில் நான் லோடுமேனாக இருந்த காலத்தில், உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருந்தது. அந்தக் குடும்பம். வண்டியின் முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். ஐஸ் விலை ஏறினால், ஐஸ் பேக்டரி கட்சித் தலைவரின் இளைய மகனுடையது என்பான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், தலைவரின் மருமகனுடைய கப்பல் அந்தப் பக்கம் வருகிறது, நம் படகுகள் பார்த்துவிடக் கூடாதாம். குடிகாடு தொழிற்பேட்டையைத் தாண்டும்போது கெமிக்கல் நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே விளக்குவான். நாற்றம் தாங்காமல் ஜனங்கள் நிலத்தை விற்றுவிட்டு ஓட வேண்டும் என்று அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முடிவு செய்தார்களாம்.

எந்தக் குடும்பம் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவரவருக்குச் சந்தேகப்பட ஒரு குடும்பம் இருக்கும்.

நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கம்மாபுரம் பக்கம் மண் லாரியில் கிளீனராக இருந்தேன். குடிகாட்டில் காண்ட்ராக்டில் மூட்டை தூக்கினேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரோடும் சண்டை இல்லை, கிளம்பத் தோன்றும், கிளம்பிவிடுவேன். இவனிடம் சேர்ந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். மீன் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்வேன். மழை வந்தால் தார்ப்பாய் இருந்தது. அவன் வீட்டுக்குள் நான் போனதில்லை. அவன் மனைவி வாசற்படியில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டான். அந்தக் கணக்கில் நான் அவளுக்கு அண்ணன் ஆக வேண்டும். ஆனால் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாளைக்குப் போய்விடுகிறவனுக்கு முறை வைத்து என்ன ஆகப்போகிறது?

தலைவர் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலையில் காட்டுமன்னார்கோயில் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஸ்டியரிங்கில் ஒரு கையும் செல்போனில் ஒரு கையுமாக டிரைவர் சொன்னான்.

"ஆளு செத்து மூணு நாளாச்சு மச்சான். ஐஸ்ல வெச்சிருக்காங்க. தலைவர் சேரு யாருக்குன்னு அண்ணன் தம்பிக்குள்ள முடிவாவல. முடிவானாத்தான் அறிவிப்பாங்க."

"மூணு நாளு தாங்குமா?"

"நம்ம வஞ்சிரமே தாங்குது. அவுங்களுக்கு என்னா, வெளிநாட்டு ஐஸ்."

சொல்லிவிட்டு அதையே குரலாகப் பதிவு செய்து, தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பினான். சாயங்காலம் அறிவிப்பு வரும், பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் ஒரு அக்கறையும் சேர்த்தான்.

மீனை இறக்கிய பிறகு வழக்கம்போல ஒரு ரைஸ்மில்லுக்குப் போனோம். ஐஸ் கட்டி சீக்கிரம் கரையாமலிருக்க நாங்கள் உமியைப் போட்டு மூடுவோம். மில்லுக்குப் பின்னால் உமி மலை மாதிரி குவிந்திருக்கும். நான் சாக்கை விரித்து அள்ளிக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேல் சுருக்கென்றது. குனிந்து பார்த்தபோது கண்ணாடி விரியன் உமிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் போனது.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அது உறையவில்லை. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் கிட்னி போய்விடும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. "வண்டி இருந்தா நீங்களே கெளம்புங்க, அசையாம படுக்க வெச்சுக் கொண்டு போங்க" என்றார். வெறும் பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்து அவன் வண்டியை எடுத்தான்.

வெளியே வந்தால் ஊரே ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தது. டவுன் பஸ்கள் ஓரங்கட்டி நின்றன. மூட்டையும் பிள்ளையுமாக ஜனங்கள் நடந்தார்கள். தலைவர் போய்விட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர் பின் ஜன்னல் வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், நான் அனுப்பிச்சதாலயா இவ்ளோ பேரு அடைக்கிறாங்க?" குரலில் பாதி பெருமை, பாதி பயம். எனக்கு ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

சிதம்பரத்துக்குப் பாதி வழியில் ஒரு கடைத்தெரு. ரோட்டின் குறுக்கே டீக்கடை பெஞ்சுகளைப் போட்டுக் கட்சி இளவட்டங்கள் மறித்து நின்றார்கள். முன்னால் போன ஒரு காரும் ஒரு லோடு ஆட்டோவும் திரும்பி வந்தன. ஆட்டோக்காரர் நிறுத்திச் சொன்னார். "போவாதீங்க. ஆஸ்பத்திரின்னு கெஞ்சிப் பாத்தேன். எல்லா வண்டியும் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுதுன்னு வெரட்டறானுங்க."

டிரைவர் இறங்கி நின்று யோசித்தான். எதிரே ஒரு பூக்கடை. அதையும் மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு பெரிய ரோஜா மாலையைக் கட்டி முடித்து ஆணியில் மாட்டியிருந்தார்.

"அந்த மாலையக் குடுங்கம்மா."

"அது தலைவர் படத்துக்குப் போட கட்டினதுப்பா."

"என் மச்சானுக்கு விரியன் கடிச்சிருக்கும்மா. சாவு வண்டின்னாதான் இன்னிக்கி வழி விடுவானுங்க."

அந்த அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மாலையைக் கழற்றிக் கொடுத்ததோடு, கூடையில் மிச்சமிருந்த உதிரிப் பூவையும் என்மேல் கொட்டினார். "நூறு வருஷம் இருப்ப, போ" என்றார்.

சீட்டுக்கு அடியிலிருந்த வேட்டியால் டிரைவர் என்னைக் கழுத்துவரை போர்த்தினான். துண்டால் தாடையைச் சேர்த்து உச்சியில் கட்டினான். மாலையைப் போட்டான். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினான். செத்தவர்களுக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும், ஒன்று விடாமல். நான் வெயிலைப் பார்த்தபடி கிடந்தேன். பயம் அப்போதுதான் வந்தது. நான் உண்மையிலேயே செத்தால் இதையெல்லாம் செய்ய இவனை விட்டால் ஆளில்லை என்று தோன்றியது. அடுத்த நிமிடம், இவனாவது இருக்கிறானே என்றும் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பெஞ்சுகளுக்கு முன்னால் வண்டி நின்றது. டிரைவர் உண்மையாகவே அழுதான். "சாவுங்க… என் பொண்டாட்டி கூடப் பொறந்தவங்க…" கூட்டம் அடங்கியது. யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பின் கதவில் ஒருவர் ஏறினார். வேட்டி மொடமொடத்தது, ஜவ்வாது வாசனை. கட்சியின் கிளைச் செயலாளர் அவர் என்று பிறகு தெரிந்தது. என் காலடியில் நின்றவர், குனிந்து முகத்தருகே வந்தார்.

வேர்த்துக்கொண்டிருந்தது எனக்கு. அந்த வேர்வையில் நெற்றிக் காசு மெல்ல நழுவிப் புருவத்தின்மேல் வந்து நின்றது. நான் எதுவும் செய்ய முடியாது.

"யோவ்," என்று அவர் டிரைவரிடம் கிசுகிசுத்தார். "பொணத்துக்கு வேர்க்குதேய்யா."

அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "விரியன் சார். உசுரு இருக்கு சார். சிதம்பரம் போவணும்."

அவர் காசை எடுத்து மறுபடி நெற்றி நடுவில் வைத்து அழுத்தினார். "உசுரு இருக்குன்னு சொன்னா அத்தன பேரும் எட்டிப் பாக்க வருவானுங்க. நேரம் போயிடும். இப்படியே இரு தம்பி." எழுந்து நின்று கத்தினார். "டேய், பெஞ்சத் தூக்குங்கடா! சாவுடா! சாவுக்கு வழி விடுங்கடா!"

கொடி கட்டிய தன் பைக்கை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் போனார். அதற்கப்புறம் எத்தனை இடத்தில் ரோட்டை மறித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் அந்தக் குரல் கேட்டது, வண்டி நிற்கவில்லை. ரோஜா இதழ் ஒன்று மூக்கின்மேல் உட்கார்ந்து மூச்சுக்கு மூச்சு ஆடியது. ஆடும்வரை சரி என்று அதையே கவனித்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காவலாளி மாலையைப் பார்த்துவிட்டு, "பிணவறை அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். நான் கையைத் தூக்கினேன். அவர் இரண்டடி பின்னால் போனது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் கண் விழித்தபோது கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. சிறுநீர் போனதா என்று நர்ஸ் கேட்டார். போனது என்றதும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. கட்டிலுக்கு ஒரு பக்கம் டிரைவர், இன்னொரு பக்கம் கிளைச் செயலாளர். அவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். செல்போனில் ஒரு வீடியோவை நீட்டினார். தலைவர் ஜன்னலருகே உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? இன்னிக்கி காலைல எடுத்தது. யாரோ ஒரு களவாணிப்பய வதந்தியக் கௌப்பி விட்டுருக்கான்."

டிரைவர் வீடியோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "அது டூப்பு சார். காத பாருங்க. காது மாறியிருக்கு."

"அப்ப இங்க படுத்திருக்கிறவன் யாரு? இவனும் டூப்பா?"

"இவன எனக்குத் தெரியும் சார். வேர்க்குதான்னு பாத்து நீங்களேதானே சொன்னீங்க. அந்தாளுக்கு வேர்க்குதான்னு யாராவது கிட்டப் போய்ப் பாத்தாங்களா?"

"அடப்பாவி. உன்ன அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கணும்யா."

சிரித்தால் காலெல்லாம் வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்வரை கிளைச் செயலாளர் தினமும் வந்தார். தலைவர் இருக்கிறாரா இல்லையா என்று தினமும் சண்டை நடந்தது. இருவரும் பேசி ஓய்ந்தபின் டிரைவரின் வண்டியிலேயே ஏறி டீக்குப் போவார்கள். இன்றைக்கும் எங்கள் வண்டி அந்தப் பக்கம் போனால் அந்தக் கடைத்தெருவில் நிற்கும். அந்தக் குடும்பத்தைப் பற்றி எது தெரிய வந்தாலும் டிரைவர் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறான். "இவரு மட்டும் நல்ல மனுசன் மச்சான். இவருக்கே உண்ம தெரியாம மறைச்சிட்டாங்க" என்பான். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த நாக்குதான் ரோட்டை அடைத்தது, அந்த நாக்குதான் எனக்காக அழுது வழியும் வாங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது சாயங்கால வெயில். வண்டி குப்பத்தில் அவன் வீட்டு முன்னால் நின்றது. நான் வழக்கம்போலப் பின்னால் ஏறித் தார்ப்பாயை விரிக்கப் போனேன். அவன் மனைவி வாசலில் ஒரு அண்டா நிறையத் தண்ணீரோடு நின்றாள். சாவுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. போய் வந்தவனுக்கே அப்படியென்றால், செத்தவனாகக் கிடந்து வந்தவனுக்கு எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று சொம்பு சொம்பாக என் தலையில் ஊற்றினாள். கட்டுப் போட்ட காலை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையால் சுற்றச் சொன்னாள். அவள் புருஷன் தலையிலும் ஊற்றினாள், அவனுக்கு மட்டும் கொஞ்சம் வேகமாக.

"சாவு வேசம் போட உங்களுக்கு என் அண்ணந்தான் கெடைச்சாரா?"

நான் ஈரத்தோடு அங்கேயே நின்றேன். தட்டை எங்கே வைப்பாள் என்று படியைப் பார்த்தேன். படியில் ஒன்றுமில்லை.

"ஏன் நிக்கிறீங்க? தலையத் துவட்டிட்டு உள்ள வாங்கண்ணே. சோறு ஆறுது."

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் வந்து போயிருக்கிறது. நான் இன்னும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.