பெரட்டில் இல்லாத பெயர்

பேய், பிசாசு, சாமி இறங்குவது எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும். ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபராகப் பல ஆண்டுகள் இருந்தேன். எங்காவது பேய் நடமாடுகிறது என்று தகவல் வந்தால் ஆசிரியர் என்னைத்தான் அனுப்புவார். கூரையில் கல் விழுகிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு இருக்கும். கிணற்றில் அழுகுரல் என்பார்கள், பம்பு பழுதாகியிருக்கும். காரணம் கிடைக்காமல் நான் திரும்பிய நாள் இல்லை.

பத்திரிகை ஆட்குறைப்பு செய்தபோது வெளியே வந்தேன். இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். கோலாலம்பூருக்கு அடியில் போடப்படும் ரயில் பாதையின் சுரங்கம் எதுவரை வந்திருக்கிறது என்று மாதாமாதம் ஒரு கட்டுரை, சில படங்கள். சுரங்கம் அங்கே என்றாலும் அதன் சுவர் இங்கே பேராக்கில்தான் பிறக்கிறது. ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில், வளைந்த கான்கிரீட் துண்டுகளை அச்சில் வார்க்கிறார்கள். லாரியில் போகும் இந்தத் துண்டுகளை மண்ணுக்குக் கீழே ஒன்றோடொன்று கோத்தால் ஒரு வளையம். இயந்திரம் மண்ணைக் குடைந்து ஒரு வளையத்தின் அகலம் முன்னேறியதும் பின்னால் ஒரு வளையம் பொருத்தப்படும். இங்கே வார்ப்பு நின்றால் அங்கே இயந்திரம் நிற்கும்.

வார்ப்புத் தளத்தின் மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் மேலாள், என் தங்கையின் கணவர் குணா. அவருடைய அப்பா அதே தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டம் போய்விட்டது, குணா பெரட்டை விடவில்லை. காலையில் ஒருமுறை, பிறகு ஸ்டீம் ரூம் கதவை அடைக்கும் முன் ஒவ்வொரு தடவையும்.

ஸ்டீம் ரூம் என்பது ரயில் பெட்டி போல நீண்ட கான்கிரீட் கொட்டகை. புதிதாக வார்த்த துண்டுகளை அச்சோடு தண்டவாளத்தில் உள்ளே தள்ளி, எப்போதும் பூட்டியிருக்கும் பின் கதவு போக, முன் இரும்புக் கதவையும் அடைத்து நீராவி விடுவார்கள். கான்கிரீட் சீக்கிரம் இறுகும். அதற்குமுன் ஆட்கள் உள்ளே போய் ஒவ்வொரு துண்டின் மேலும் கித்தான் போர்த்திவிட்டு வரவேண்டும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் பிழைக்க மாட்டார்கள். இதற்காகக் கம்பெனி ஓர் அட்டைப் பலகை வைத்திருந்தது: உள்ளே போகிறவன் தன் அட்டையை மாட்ட வேண்டும், வெளியே வந்தால் எடுக்க வேண்டும். குணா அதை நம்பவில்லை.

“அட்டைய ஒருத்தனுக்கு இன்னொருத்தன் எடுத்துருவான் மச்சான். தொண்டைய எடுக்க முடியாது லா,” என்பார்.

ஆகவே பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவன் தன் வாயால் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களும் நேப்பாளிகளும்கூட அந்த ஒரு சொல்லைக் கற்றிருந்தார்கள். முருகேசு என்ற குறும்புக்காரன் புதிதாக வந்த ரஃபிக்குக்கு “இருக்கேன்டா” என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். ரஃபிக் பல நாட்கள் மண்டோரை மரியாதையோடு ‘டா’ போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பொது விடுமுறை. சுரங்கத்தில் வேலை வேகமெடுத்து, கையிருப்பில் வளையங்கள் குறைந்துவிட்டதால் தளத்தில் மட்டும் வேலை நடந்தது. நானும் படம் எடுக்கப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது, நல்ல வெயில், மழை இல்லை. சிமெண்டு லாரி தாமதமானதால் கலவை இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். தளம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரைச்சலில் ஏதோ காதில் விழுந்திருக்கும் என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன், அது எடுபடவில்லை.

குணா பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். கடைசி ஆளும் சொல்லி முடித்தான். குணா கதவில் கை வைத்துத் தள்ளத் தொடங்கினார்.

“இருக்கேன்.”

உள்ளேயிருந்து வந்தது. கத்தல் இல்லை, முனகலும் இல்லை. வரிசையில் நிற்கிற ஒருவன் தன் முறை வந்ததும் சொல்வானே, அந்தக் குரல்.

குணா கையை எடுத்தார். ரஃபிக் என்னைப் பார்த்தான்.

“யார்லா அது உள்ள?” என்றார் குணா.

“எக்கோ மண்டோர்,” என்றான் முருகேசு. “உங்க குரலுக்கு மலையே பதில் சொல்லும், ரூம் சொல்லாதா?”

“எக்கோ டீ குடிச்சிட்டு லேட்டாவா வரும்? வாய மூடு.” குணா இருட்டுக்குள் தலையை நீட்டினார். “உள்ள யாரு? பேரச் சொல்லு!”

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே குரல், அதே நிதானத்தில்:

“சன்னாசி.”

எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை.

விளக்குகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். கித்தான்களைத் தூக்கிப் பார்த்தோம். அச்சுகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். நான் பின்பக்கம் சுற்றிப் போய் மறு கதவைச் சோதித்தேன். வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டில் துரு படிந்திருந்தது, யாரும் தொட்ட தடமில்லை. ஆட்களைத் திரும்ப நிறுத்தி எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள்.

மானேஜர் லிம் வந்தார். கெட்டவர் இல்லை, அன்றைக்கு அவருக்குக் கோலாலம்பூரிலிருந்து ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது. ஸ்டீம் விட மாட்டேன் என்று குணா சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. நீ கேட்டாயா என்று என்னிடம் திரும்பினார். கேட்டேன் என்றேன். படித்தவன் நீயுமா என்பது போலப் பார்த்துவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். கடைசி வரை நடந்து, சட்டை நனைந்து வெளியே வந்தார்.

“தாக் அடா ஓராங் லா, குணா. யாருமே இல்ல.”

கதவை அவரே அடைத்தார். ஸ்டீமையும் அவரே திறந்துவிட்டார். குணா சாயங்காலம் வரை அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். இரும்பு சுட்டு அவர் காது சிவந்திருந்தது.

மறுநாள் திறந்தபோது உள்ளே துண்டுகள் மட்டுமே இருந்தன. ஒரு விரிசல் இல்லை. லாரியில் ஏறிப் போய்விட்டன. இன்றைக்கு அவை மண்ணுக்கு அடியில் ஏதோ ஒரு வளையத்தில் இருக்கின்றன.

நான் என் தொழில் வழக்கப்படி விசாரித்தேன். ஈப்போ சிலிபினில் என் வீட்டுக்கு அருகிலேயே அந்தப் பழைய தோட்டத்து ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். சன்னாசி என்று யாராவது அங்கே விபத்தில் இறந்தார்களா என்று கேட்டேன். ஓர் அக்கா சிரித்தே விட்டார்: “சன்னாசி இல்லாத தோட்டம் ஏது தம்பி? எங்க லயத்து வீடுங்கள்லயே மூணு பேரு. மூணு பேரும் சாராயத்துலதான் போனானுங்க, ஒருத்தனும் விபத்துல சாகல.” தடயம் அத்தோடு நின்றது.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலை குணா போன் செய்தார்.

“பசியாறிட்டீங்களா மச்சான்?”

“ஆச்சு மாப்பிள்ளை. என்ன விஷயம்?”

“வந்துட்டான்.”

“யாரு?”

“சன்னாசி. பாரிட் புந்தார்லேர்ந்து புது ஆளு. ஐசி கார்டுல பேரையே பாத்துட்டேன். நீங்க வந்து அவன் குரலக் கேளுங்க.”

போனேன். முப்பது வயதைத் தாண்டிய, தோள் அகன்ற, கலகலப்பான ஆள். இதற்குமுன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், அதனால் நல்ல வேலை தேடி வந்தேன் என்றார். “வணக்கம்ணே” என்று அவர் சொன்ன மாத்திரத்தில் என் கையில் இருந்த காமிராவை மேசையில் வைத்துவிட்டேன். அதே குரல்.

குணா அவரை ஸ்டீம் ரூம் பக்கமே விடவில்லை. கம்பி அடுக்கும் இடத்துக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. ஆனால் ஸ்டீம் ரூம் ஆட்களுக்குத்தான் கூடுதல் சம்பளம், அதற்காகத்தான் அவர் வந்திருந்தார். ஒரு வாரம் பொறுத்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

“என்ன மண்டோர், எங்கிட்ட என்ன குறை? நான் வேல செய்யலயா?”

“உனக்குக் குறையே இல்லப்பா. அங்க வேணாம், அவ்வளவுதான்.”

“அப்ப பாஸ்கிட்ட கேட்டுக்கறேன்.”

கேட்டார். லிம்முக்கு ஆள் தேவைப்பட்டது. நாளையிலிருந்து ஸ்டீம் ரூம் என்று சொல்லிவிட்டார். குணா என்னைக் கூப்பிட்டு, “நீங்க பேசுங்க மச்சான். நான் சொன்னா பொறாமைன்னு நெனைக்கிறான். அவன் உள்ள போயி நான் கதவ அடைக்கணும்னா, எனக்கு இந்த வேலயே வேணாம்,” என்றார்.

சாலையோரக் கடையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு தே தாரிக் டீ சொல்லிவிட்டு, நடந்ததை நடந்தபடியே சன்னாசியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது என்னைக்குண்ணே?”

பொது விடுமுறை நாள் என்றேன்.

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். கிளினிக் மூடியிருந்துச்சு. மத்தியானம் படுத்திருந்தேன். கனவுன்னுதான் நெனச்சேன். நீளமா ஒரு ரூமு, உள்ள ஒரே சூடு. வெளிய யாரோ ஒருத்தர் பேர் கூப்பிடறாரு. எல்லாரும் பதில் சொல்றாங்க. என்னக் கூப்பிடவே இல்ல. கதவ அடைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் நானா சொல்லிட்டேன், ‘இருக்கேன்’னு.”

அங்கேயே அவர் மனைவிக்குப் போன் போடச் சொன்னேன். அவரைப் பேசவிடாமல் நானே வாங்கிக் கேட்டேன். “ஆமாண்ணே,” என்றாள் அந்தப் பெண். “ஒடம்பு நெருப்பா கொதிச்சிச்சு. திடீர்னு ‘இருக்கேன்’னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு பேரையே அவரு சொன்னாரு. எனக்குப் பயமாயிருச்சு, தண்ணிய எடுத்து மூஞ்சில அடிச்சேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தபோது சன்னாசி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்குண்ணே. அங்க நான் மட்டும் இல்ல. எனக்கு முன்னால ரெண்டு பேரு நின்னாங்க.”

“யாரு?”

“முதுகுதான் தெரிஞ்சிச்சு. அவங்க பதிலே சொல்லல. கதவப் பாத்துக்கிட்டு நின்னாங்க, தன் பேரக் கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கற மாதிரி. கூப்பிடவே இல்ல.”

அன்று மாலையே அவர் பையை எடுத்துக்கொண்டு பாரிட் புந்தாருக்குப் பஸ் ஏறிவிட்டார். பழைய அரிசி ஆலையில் திரும்பச் சேர்ந்துகொண்டார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, படம் அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

அந்த இரண்டு பேரைப் பற்றிக் குணாவிடம் சொன்னேன். தளத்தில் உள்ள ஒவ்வொரு பெயராக நாங்கள் யோசித்தோம். எல்லாப் பெயரும் தினமும் கூப்பிடப்படுகிறது, எல்லோரும் பதில் சொல்கிறார்கள். கூப்பிடப்படாமல் அங்கே யார் நிற்க முடியும் என்று நான் கேட்டேன்.

குணா விரல் விட்டு மறுபடி எண்ணினார். பிறகு கேட்டார்:

“பெரட்டுல என் பேர யாரு மச்சான் கூப்பிடறா?”

யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவரே அவர்தான். நான் அங்கே சம்பள ஆள் இல்லை. மாதம் ஒருமுறை வந்து, உள்ளேயும் வெளியேயும் போய்ப் படம் எடுத்துவிட்டுப் போகிறவன். லிம் ஆபீசை விட்டு அந்தப் பக்கம் வருவதே அபூர்வம்; ஸ்டீம் ரூமுக்குள் போய்வருகிறவர்களில் பெயர் கூப்பிடப்படாத ஆட்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே.

இப்போது முறையை மாற்றியிருக்கிறார்கள். குணா எல்லோரையும் கூப்பிட்டு முடித்ததும் முருகேசு, சிரிக்காமல், “குணா மண்டோர்” என்று கூப்பிடுகிறான். அவர் பதில் சொல்கிறார். நான் போகிற நாட்களில் கடைசியாக என் பெயரும் வரும். சுரங்கம் இன்னும் முடியவில்லை, வளையங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, நானும் மாதாமாதம் போகிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டதும் நான் உடனே பதில் சொல்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, திறந்திருக்கும் கதவுப் பக்கம் காதைக் கொடுக்கிறேன். எனக்கு முன்னால் என் குரலில் வேறு யாரும் சொல்லிவிடவில்லை என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.