விட்ட முறை

எங்கள் கிணறு எனக்கும் பெரியப்பா மகனுக்கும் பொது. ஒரு நாள் அவர் மோட்டார் போடுவார், மறுநாள் நான். அதைத்தான் முறை என்போம். அந்தக் கோடையில் ஒரு நாள் ஊறிய தண்ணீர் என் தக்காளியில் பாதிக்குக்கூடப் போதவில்லை. செடி கருக ஆரம்பித்தது. சேர்த்துப் பாய்ச்சலாம் என்று ஒரு முறை மோட்டார் போடாமல் விட்டேன். பொதுக் கிணற்றில் சேமிக்க நினைத்த புத்தியை என்ன சொல்ல! மறுநாள் அண்ணன் அடிவரை இறைத்துவிட்டார்.

"எந் தண்ணிய எதுக்குணா எடுத்தீங்க?" என்று அவர் வாசலில் நின்று கத்தினேன்.

"அதுல உம் பேரு எழுதியிருக்குதா? விட்ட முறை விட்டதுதான். கத்தாதடா, மாடு மிரளுது."

அடுத்த நாள் என் முறைக்கு ஊறியது வழக்கம்போல் கொஞ்சம்தான். அதற்கடுத்து அவர் முறை. மத்தியானம்வரை மோட்டார் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன், தண்ணீர் அப்படியே கிடந்தது.

"என்னடா பாக்கற? நீ விட்ட முறைக்கு இன்னிக்குப் போய்ப் போடு. வாய மட்டும் பெருசா வெச்சிருக்க," என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. தக்காளி பிழைத்தது. அன்றிலிருந்து எங்கள் கிணற்றில் விட்ட முறை விட்டவனுக்கே.