கூடைக்குள் நாலாவது நாய்

சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி விரட்ட எங்களிடம் மூன்று நாய்கள் இருந்தன. அது போதாதென்று என் கணவர் போளூர் சந்தையிலிருந்து ஒரு குட்டியையும் தூக்கி வந்துவிட்டார். மூன்றுக்கும் களி கிண்டியே கை ஓய்ந்திருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாளே குட்டியைக் கூடையில் வைத்து, திருப்பிக் கொடுக்க மலையிறங்கினேன். விரட்ட விரட்ட மூன்று நாய்களும் பின்னாலேயே வந்தன.

அடிவாரத்தில் பஸ் நின்றது. கூடையை வாங்கக் கண்டக்டர் கை நீட்டியதும், மூன்றும் அதைச் சூழ்ந்து நின்று உறுமின.

"இன்னாம்மா, ஒண்ணு ஏறுனா நாலும் ஏறும்போல கீதே! வூட்டுக்கே இட்டுக்கினு போங்க."

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

வீடு திரும்பியதும், "பஸ்ஸுல எடமே இல்லீங்க" என்று கணவரிடம் புளுகினேன். வாசலில் நாய்களின் மூன்று சட்டிகளோடு நாலாவதையும் அவர் ஏற்கெனவே கழுவி வைத்திருந்தார்.

அந்த வீட்டில் முடிவெடுக்காமல் மிச்சமிருந்தது நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் புரிந்தது.