மழையை நிறுத்தச் சொன்னவர்

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் மிஷனெரிகளுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மிஷனெரிக்கு இருக்க வேண்டிய வேதாகமக் குணங்கள் என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் பலகையில் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று வரிசையாக எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் அதை மனப்பாடமாக ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள்தான் நான். ஆனால் ஒரு மிஷனெரியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு அந்த வரிசையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வீட்டில் அவை வரிசையாக வந்ததே இல்லை. சந்தோஷம் வந்த நாளில் பொறுமை இருக்காது, பொறுமை வந்த நாளில் சமையலறையில் சமாதானம் இருக்காது.

ஆகவே பலகைப் பக்கம் போகாமல், என் வீட்டுக்காரர் மழையை நிறுத்திய கதையைச் சொன்னேன். அங்கே நேரம் போதவில்லை. இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

அவர் குமரி மாவட்டத்துக்காரர். அந்தப் பக்கம் மழை என்பது சொல்லாமல் வந்து, போகச் சொன்னாலும் போகாத விருந்தாளி. கல்யாணம் என்றாலும் சபை விருந்தான அசனம் என்றாலும், மழை வந்து கெடுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்று முதல் ஜெபம் அதற்குத்தான் பண்ணுவார்கள். நான் கோவில்பட்டிக்காரி. என் அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். மருந்தில் முக்கின தீக்குச்சி காய வேண்டும் என்பதால் எங்கள் தெருவும் வெயிலின் கட்சிதான். ஆனால் டவுணைத் தாண்டிக் கரிசலுக்குள் கால் வைத்தால் பேச்சு மாறிவிடும். அங்கே குளமும் இல்லை, கால்வாயும் இல்லை. மேகம் மனது வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நாங்கள் குடியிருப்பது பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊர். வீட்டைக் கொடுத்த அக்கா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். சொந்தக் காட்டைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலைக் காடு என்றுதான் இந்தப் பக்கம் சொல்வார்கள். சாமி வேறு என்றாலும் எங்கள் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. குழம்பு வைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். என் வீட்டுக்காரரை உபதேசியாரே என்று கூப்பிடுவார். கூட்டம் வைக்கிறோம் வாங்க என்றால், பாட்டு நல்லா இருந்தா வாரேன் என்பார், வந்தும் விடுவார்.

இங்கே பெரிய மழைக்காகக் காத்திருந்து விதைப்பதில்லை. மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் உளுந்தையும் பாசிப்பயறையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷமும் அப்படித்தான். ஒரு சின்ன மழை பெய்து பயிர் முளைத்துவிட்டது. அதோடு மழையைக் காணோம். முளைத்ததைக் காப்பாற்ற இன்னும் ஒரே ஒரு நல்ல மழை வேண்டும். அக்கா தினமும் காலையில் காட்டுக்குப் போய் வந்து, இலை சுருண்டுபோச்சு என்று மட்டும் சொல்வார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கூட்டம். ஊர்ப் பொட்டலில் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, நான்கு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். நல்ல கூட்டம் வந்திருந்தது. பாட்டு முடிந்து அவர் பேச எழுந்தபோது வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மண் வாசனை ஏறியது. பொட்டு பொட்டாகத் தூறல் விழுந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேர் முகத்தை மேலே தூக்கிவிட்டோம். அக்கா கையை வெளியே நீட்டி ஒரு துளியை வாங்கினார்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஜனம் கலைந்துவிடுமே என்ற கவலை. கண்ணை மூடினார், மைக்கைப் பிடித்தார், குமரி மாவட்டத்தில் பிறந்த பாவத்துக்கு ஜெபித்துவிட்டார்.

"ஆண்டவரே, உம்முடைய வார்த்தையைக் கேக்க வந்திருக்கிற இந்த ஜனங்களுக்காக, இந்த மழையை இப்பவே நிறுத்தும்."

நான்கு குழாயிலும் அது போயிற்று. ஆமென் சொல்ல வாயைத் திறந்த நான் பாதியில் மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மழை நின்றுவிட்டது. காற்று திரும்பி மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் கண்ணைத் திறந்து, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவரை முறைத்தேன். அக்கா எழுந்து, உட்கார்ந்திருந்த சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மழைக்குக் கலையாத கூட்டம் ஜெபத்துக்குக் கலைந்தது.

என்ன நடந்தது என்று வீட்டுக்கு வந்து நான் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. கரிசல் காட்டில் நின்றுகொண்டு மழையே போ என்று மைக்கில் சொன்ன ஒரே மனுஷன் உலகத்திலேயே நீங்கள்தான் என்றேன். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

யாரோ ஒரு பையன் அதை செல்போனில் எடுத்திருக்கிறான். கழுகுமலை வரைக்கும் அந்த வீடியோ போனது. பஸ்ஸில் போனால், இவரு வந்துட்டாரு, இனி மழை வராது என்று சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா சிரிக்கவில்லை. மழை வரவே இல்லை, உளுந்து காட்டோடு கருகிவிட்டது. ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "வேற வீடு பாத்துக்கோங்க தாயி. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவிய மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தச் சத்தம்தான் காதுல கேக்குது." இந்த ஊரில் எங்களுக்கு வீடு கொடுக்க அக்காவை விட்டால் ஆள் கிடையாது. வீட்டை விட்டால் ஊரை விட்ட மாதிரிதான்.

இந்தச் சமயத்தில்தான் மிஷன் அலுவலகத்திலிருந்து தலைவர் ஐயா வந்தார். நல்ல மனுஷர். ஊர் ஊராகச் சுற்றி உடம்பு கெட்டுப்போனவர், எங்களைப் போன்றவர்களை வைத்துக் காப்பாற்றுகிறவர். கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தார். வீடியோ அவருக்கும் போயிருக்கிறது, ஆனால் அவர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. ஜெபித்த மாத்திரத்தில் மழை நின்றதே, எப்பேர்ப்பட்ட சாட்சி, இதை நம் மிஷன் பத்திரிகையில் போட வேண்டும், பணம் அனுப்பி ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு எவ்வளவு உற்சாகமாக இருக்கும் என்றார். நியாயம்தான். பத்திரிகையில் வந்துவிட்டால் வேறு நல்ல ஊருக்கு மாற்றலும் கிடைக்கும். எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

என் வீட்டுக்காரர் கையில் எடுத்த போளியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். பிறகு, அந்த மழை என் ஜெபத்தால் நின்றது என்றால் பக்கத்து வீட்டு அக்காவின் உளுந்தைக் கருக்கியவன் நான், ஜெபத்தால் நிற்கவில்லை என்றால் அதில் சாட்சியே இல்லை, எப்படிப் பார்த்தாலும் பத்திரிகையில் போட ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லிவிட்டார். ஐயா அவரை உற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. கிளம்பும்போது அவர் தோளில் கை வைத்து ஜெபித்துவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் வீடு வீடாகக் கிளம்பினார். எனக்கு ஆத்திரம். போகாதீர்கள், நீங்கள் போய் மன்னிப்புக் கேட்டால் நான்தான் மழையை நிறுத்தினேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வாசலை மறித்தேன். கேட்கவில்லை. அவர் எல்லா வீட்டிலும் சொன்னது ஒன்றுதான். மழை நின்றது எதனால் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நிறுத்தச் சொல்லிக் கேட்டது தப்பு, உங்கள் வயிற்றை நினைக்காமல் என் கூட்டத்தை நினைத்துக் கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில், வானம் ஒம்ம பேச்சையா கேக்கும், போவும் என்றார்கள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அக்கா கதவைத் திறக்கவில்லை.

பிறகு ஊரில் மழைக்கஞ்சி எடுத்தார்கள். மழை பொய்த்தால் பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்பார்கள். உள்ளவர் இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லா வீட்டு அரிசியும் தானியமும் ஒன்றாகச் சேரும். பொட்டலில் வைத்துக் கஞ்சி காய்ச்சி, ஊரே தரையில் உட்கார்ந்து குடிக்கும். எங்களை இப்படிப் பிச்சை எடுக்க வைத்துவிட்டாயே என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். நானும் சொளகு என்று நாங்கள் சொல்லும் முறத்தில் அரிசி எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பானை அக்கா இடுப்பில் இருந்தது. முந்தின வீட்டில் வாங்கினார்கள், எங்கள் வாசலைத் தாண்டினார்கள், அடுத்த வீட்டில் போய் நின்றார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் சொளகோடு நின்ற எனக்கு அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

உள்ளே வந்து, பெட்டியைக் கட்டுவோம் என்றேன். அவர் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். பொட்டலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், வெயிலில், வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தை முன்னால் வைத்தார். அக்கா வாளியோடு ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் முன்னால் வந்ததும் அகப்பை நின்றது.

"உபதேசியாரே, இன்னைக்கு ஒம்ம சாமிகிட்ட என்ன கேட்டீரு?"

"மழைதான்க்கா. அன்னைக்கு நிறுத்தச் சொன்ன அதே வாயாலதான் கேட்டேன். குடுப்பாரோ மாட்டாரோ தெரியாது."

"அன்னைக்குக் கேட்டவொடனே குடுத்தாருல்லா?"

அவர் தலை குனிந்துவிட்டது. "அதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். மேடையில் உடையாத குரல் அது. அக்கா அகப்பையை வாளிக்குள் விட்டு, கிண்ணம் நிறைய ஊற்றினார். "ஆறிப்போவும், குடியும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ என்னட்டி மரம் மாதிரி நிக்க? சொளகுல இருந்தத எடுத்துட்டு வா. இன்னொரு பானை ஏத்தணும்." வீட்டுக்கு நான் ஓடிய ஓட்டத்தை ஊரே பார்த்தது. அழுதுகொண்டே ஓடினேன், அதை மறைக்கவும் இல்லை.

அந்த மிஷனெரி வகுப்பில் இந்த இடம் வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி என்னிடம், அக்கா இது எந்தக் குணத்தில் சேரும், தாழ்மையா சாந்தமா என்று கேட்டாள். அவள் பேனா தயாராக இருந்தது. எனக்குத் தெரியாது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவது என்று எழுதிக்கொள் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மழைக்கஞ்சிக்கு மழை வரவில்லை. சாட்சி சொல்ல வசதியாக மறுநாளே கொட்டித் தீர்த்தது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. கருகின உளுந்து கருகினதுதான். வெகு நாள் கழித்து ஒரு நடுத்தரமான மழை விழுந்து, அக்கா காட்டை உழுது கொத்தமல்லி விதைத்தார். என் வீட்டுக்காரரும் விதைப்புக்குப் போய், காலுக்கு ஒரு படி கரிசல் மண்ணைச் சுமந்துகொண்டு வந்தார். வீட்டைக் காலி பண்ணும் பேச்சை அக்கா திரும்ப எடுக்கவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் எங்கள் அடுப்படியில் நின்று கூரையைப் பார்த்தவர், மழை வந்தா அந்த மேக்க மூலை ஒழுகும், ஒரு சட்டிய வச்சுக்கோ என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வருஷம் அதே பொட்டலில் கூட்டம். அதே பந்தல், அதே குழாய்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது வடக்கே கறுத்தது. முதலில் தூறல், பிறகு பந்தல் துணி தொய்ந்து தண்ணீர் கொட்டும் அளவுக்கு மழை. ஜனம் முழுதும் எழுந்து என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மைக்கைப் பார்த்தார். அக்கா சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வெளியே நின்றவர், அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்:

"உபதேசியாரே, மைக்க மட்டும் தொட்டுராதீரும்."

பொட்டலே சிரித்தது. அவர் போய் மைக் செட்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, பந்தலை விட்டு இறங்கி அக்காவுக்குப் பக்கத்தில் போய் நனைந்துகொண்டு நின்றார். பிரசங்கம் இல்லை, ஜெபம் இல்லை, கூட்டம் முடிந்தது. ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தபோது மேக்க மூலையில் சட்டி பாதி நிறைந்திருந்தது. தலைவர் ஐயா போன் பண்ணினார். கூட்டம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நல்ல மழை ஐயா" என்றார் என் வீட்டுக்காரர்.