ஜெயந்தியின் இரண்டாம் அலங்காரம்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ராஜபாளையம் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து முந்தைய நாள் கிளம்பிய ரயில் இருபது நிமிடம் பிந்தி வந்திருந்தது. ஆனி மாதம். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற மேகம் மட்டும் இருந்தது. மழை என்று குடை விரிக்கவும் முடியாமல், இல்லை என்று நடக்கவும் முடியாமல் சாரல் முகத்தில் ஒட்டியது.

ஆட்டோக்காரர் எழுபது ரூபாய் கேட்டார். தெருப் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"மிலிட்டரிக்காரர் வீட்டு விசேஷத்துக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே பதினாறாம் நாள் காரியத்துக்கும் விசேஷம் என்ற சொல்தான் என்று பிறகு புரிந்தது. "ஆமாம். அவர் மனைவி என் தோழி" என்றேன்.

"டாக்டரம்மாவா? எங்க ஆட்டுக்கு அவியதான் ஊசி போட்டாவ. கைராசிக்காரவ." ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். "இப்ப இப்படி ஆயிப்போச்சு" என்றார்.

ஜெயந்தியும் நானும் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறை. நான் சென்னையில் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் சொந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்து, வ. புதுப்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாட்டு டாக்டரானாள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த கணேசனை ஆறு வருடங்களுக்கு முன் மணந்தாள். குழந்தை இல்லை. பதினாறு நாட்களுக்கு முன்பு, வடக்கே ஒரு மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்து கணேசன் இறந்துபோனார்.

இறந்த செய்தி வந்தபோது நான் ஊரில் இல்லை. திரும்பியதும் போன் செய்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "பதினாறாம் நாள் என்னைய மறுபடி கல்யாணப் பொண்ணு மாதிரி சோடிச்சு, பொறவு எல்லாத்தையும் எடுப்பாங்களாம். வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன். எங்க அண்ணனே கேக்கல. சரி, செய்யட்டும். ஆனா நீ வந்து எம் பக்கத்துல நில்லு." நிற்கிறேன் என்று சொன்னேன்.

காலை 6.45. ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வீடு. வாசலில் தகரப் பந்தல். அதன் விளிம்பிலிருந்து சாரல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெயந்தி உள்ளறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை.

"வந்துட்டியா? ரயில்ல தூங்குனியா?" என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்தச் சடங்கை விடியும் முன்பே முடித்துவிடுவது வழக்கமாம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு ஜெயந்தியின் அண்ணன் பெங்களூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் பத்து மணிக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

"பத்து மணிக்கு வெளிய போயிர மாட்டேல்ல?" என்றாள்.

"எங்கே போகப் போறேன்?"

"ஒன் கை எனக்கு வேணும்டீ. அம்புட்டுதான்."

இந்த விஷயத்தில் எங்கள் இருவரின் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். விடுதியில் கல்யாணச் சடங்குகளைக் கிண்டல் செய்தவள் நான். காலில் விழுவது, மெட்டி போடுவது, தாலியை மஞ்சள் கயிற்றில் கட்டுவது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பேச்சு இருக்கும். "மாட்டுக்கும் கயிறு, நமக்கும் கயிறா?" என்று கேட்டு அறையையே சிரிக்க வைத்திருக்கிறேன். ஜெயந்தி சிரிக்க மாட்டாள். அவளுக்கு எல்லாம் வேண்டும். முகூர்த்தப் பட்டு, தலை நிறையப் பூ, நலங்கு, ஒன்றையும் விடாமல் ஆசைப்பட்டுச் செய்துகொண்டாள். அந்த மேடையில் அவளுக்குப் பின்னால் நின்று, சரிந்த பூவைச் செருகிவிட்டவள் நான். வருகிற ஆவணியில் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலி கட்டிக்கொள்வதா, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்வதா என்று அப்போதும் நான் முடிவு செய்திருக்கவில்லை.

காலை 8.15. சமையலறையில் எனக்கு இட்லி வைத்துக் கொடுத்தபடியே ஜெயந்தியின் மாமியார் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். மகனை இழந்து முகம் வற்றிப்போன மனுஷி. கணவரை அதற்கும் பல வருடம் முன்பே இழந்தவர்.

"ஏட்டி, ஒனக்கு ஆவணியில கல்யாணமாமே. ஜெயந்தி சொன்னா."

"ஆமாம்மா."

"அப்ப நீ இங்கன இருக்காத. நிச்சயமான பொண்ணு தாலி எறக்குறதப் பாக்கக் கூடாது."

"அதையெல்லாம் நான் நம்புறதில்லம்மா."

"நீ நம்ப வேண்டாம் தாயி." என் தட்டில் இன்னும் ஓர் இட்லியை வைத்தார். "நாளப்பின்ன ஒன் வீட்டுக்காரருக்கு ஒரு காய்ச்சல்னு வச்சுக்க. அன்னைக்கு அங்க போயி நின்னோமேன்னு ஒனக்கே தோணும். அது தோணாம இருக்கணும்ல? எனக்கு முப்பத்தோரு வயசுல எறக்குனாங்க. யாரு யாரு நின்னு பாத்தாங்கன்னு இன்னும் மறக்கல. அதுல ரெண்டு பேருக்குப் பொறவு இதே கதிதான்."

அவர் என்னைப் பயமுறுத்தவில்லை. தன் மகனின் காரியத்தன்று, யார் பெற்ற பெண்ணுக்கோ கெடுதல் வந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் அவரிடம் வாதாட முடியவில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த இரண்டு பேர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கே பயம் வந்துவிட்டது.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கந்தான். போயி நாச்சியாரக் கும்புட்டுட்டு வா. பதினோரு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நான் அவகிட்ட சொல்லிக்கிடுதேன்."

ஜெயந்தி இருந்த அறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

காலை 8.50. பழைய பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். ஜன்னலுக்கு வெளியே நனைந்த தென்னந்தோப்புகளும் நூல் மில்களின் நீண்ட சுவர்களும் கல்யாண மண்டபங்களும் போயின. ஒரு மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் உள்ளே எட்டிப் பார்த்திருப்பேன். அரை மணிக்குள் மேகத்துக்கு அடியில் கோபுரம் தெரிந்தது.

கோயிலைச் சுற்றி பால்கோவாக் கடைகள் திறந்துகொண்டிருந்தன. பால் காய்கிற வாசம் தெரு முழுக்க இருந்தது. பூக்கடையில் இருந்த அம்மாள் என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"கல்யாணமாகணுமா, நிச்சயமாயிருச்சா?"

"நிச்சயமாயிடுச்சு."

"அப்ப மால வாங்கிக் குடுங்க. நாச்சியாருக்குச் சாத்திட்டுத் தருவாவ. கழுத்துல வாங்கிக்கிட்டா தாலி பாக்கியம் நெலச்சு நிக்கும்."

நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை. மாட்டுக்கும் கயிறு என்று பேசிய வாய்தான். தாலி நிலைக்கும் என்று ஒருத்தி சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டினேன்.

கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வெளியே ஐந்து ரூபாய் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கூட்டம் அதிகமில்லை. மாலையை வாங்கி, சாத்தி, என் கழுத்தில் போட்டார்கள். ஈரத்துளசியும் சம்பங்கியும் தோளில் பட்டுக் குளிர்ந்தன. வரிசையில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நானும் புன்னகைத்தேன். அந்தக் கணம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

காலை 10.40. டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கினேன். ஜெயந்தியிடமிருந்து நான்கு அழைப்புகள். முதல் அழைப்பு 9.52. கடைசி அழைப்பு 10.04.

நான் திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி நின்று மறுபடி அழைத்தேன். அப்போதும் எடுக்கவில்லை. மாலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

காலை 11.30. பந்தலில் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி காலையில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இருந்தாள். வெளிர்நீல நூல் சேலை. நெற்றியில் ஒன்றுமில்லை. வெயிலில் கறுத்த கழுத்தில், ஆறு வருடம் சங்கிலி கிடந்த இடம் மட்டும் வெளுத்து, மெல்லிய வளையமாகத் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் கண்ணாடி வளையல் கீறியிருந்தது.

"போன உள்ள கொண்டுபோக விடல" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எவ்வளவு சின்னப் பேச்சு என்று தெரிந்தது.

"அத்த சொன்னாங்க. நீ கோயிலுக்குப் போயிருக்கன்னு." சுவரில் சாய்ந்துகொண்டாள். "நல்லா சோடிச்சாங்கடீ. அதே முகூர்த்தச் சேல. ரெண்டு கையிலயும் முழங்க வரைக்கும் வளையல். தல தூக்க முடியாத அளவுக்குப் பூவு. கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு அழகா இல்லன்னு ஒருத்தி சொல்லிட்டு, பொறவு வாயப் பொத்திக்கிட்டா."

நான் பையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"தாலில கை வைக்க வந்தாங்க. எந்திரிச்சு இந்த ரூமுக்குள்ள வந்து தாப்பாப் போட்டுக்கிட்டேன். ஒன்னயக் கூப்பிட்டேன். நீ வந்தா கதவத் தொறப்பம்னு இருந்தேன். பன்னெண்டு நிமிசம். வெளிய எங்க அண்ணன் அழுதுகிட்டே கதவத் தட்டுறான். அத்த அழுறாங்க. எம்புட்டு நேரம் உள்ளயே இருக்க முடியும்? நானே கழட்டி எடுத்துக்கிட்டு வெளிய வந்து, தாலி போட வச்சிருந்த பால் சொம்புல போட்டுட்டேன். வளையல மட்டும் அவங்கதான் ஒடச்சாங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வாசம் பிடிப்பதுபோல மூக்கை ஒரு தடவை சுருக்கினாள்.

"பையில என்ன, மாலையா?"

"ஆமாம்."

"கசங்காம வை" என்றாள்.

பிற்பகல் 2.30. ஜெயந்தியின் கைபேசி ஒலித்தது. வ. புதுப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். பதினாறு நாளாக அவள் விடுப்பில் இருப்பது தெரியாமல் அழைத்திருந்தார். மாடு காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, கன்று வரவில்லை. சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் வந்ததிலிருந்து அவள் முகத்தில் உயிர் தெரிந்தது அப்போதுதான்.

"காலு தெரியுதா? ஒத்தக் காலா? அப்ப யாரும் இழுத்துராதீங்க. உள்ள இன்னொரு காலு மடங்கிக் கெடக்கு. நான் வாரேன், முக்கா மணி நேரத்துல வந்துருதேன்." எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தாள். மாமியார் வாசற்படியில் வந்து நின்றார், தடுக்கவில்லை.

மறுமுனையில் ஒரு பெண் குரல் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அந்த மனிதர் பேசினார். அறை அமைதியாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"இல்லங்கம்மா, நீங்க அலைய வேண்டாம். இன்னைக்கு ஒங்களுக்குப் பதினாறுன்னு எங்க வீட்ல சொல்லுதாங்க. தலைச்சன் ஈத்து பாருங்க. நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம். தப்பா நெனச்சுக்கிடாதீங்க."

"வேற டாக்டர் லீவுல இருக்காருய்யா."

"பாத்துக்கிடுதோம்மா."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. எண்ணெய் தடவி, கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை எப்படி நேராக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள் என்பது தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

மாலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. தாய் பிழைத்துவிட்டது. கன்று செத்துப் பிறந்தது.

"நான் போயிருந்தா பொழச்சிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொழைக்காம இருந்திருந்தா என்னாலதான்னு சொல்லிருப்பாங்க" என்றாள்.

மாலை 6.30. எனக்கு ரயில் ஏழே முக்காலுக்கு. பையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். நாள் முழுவதும் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நான் தாலி கட்டிக்கவா, வேண்டாமாடீ?"

"எங்கிட்டக் கேக்காத. அன்னைக்கு அவரு கட்டும்போது எனக்கு அம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு. பொய்யில்ல. கட்டுறதுக்கு ஊரே கூடி நின்னு பூப் போட்டாங்க. இன்னைக்கு எறக்க வேண்டியிருக்கும்னு ஒருத்தருகூட அன்னைக்குச் சொல்லல. அதத்தான் என்னால பொறுக்க முடியல."

"ஆவணியில நீ வரணும். மேடையில என் பக்கத்துல நிக்கணும். யார் என்ன சொன்னாலும் சரி."

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். ஏளனம் இல்லை, இரக்கம் போல ஏதோ இருந்தது.

"ஒரு ரூமுக்குள்ள, நாலு பொம்பளைங்க முன்னால, ஒன்னால எம் பக்கத்துல நிக்க முடியல வித்யா. ஐநூறு பேரு இருக்க மண்டபத்துல எப்படி என்னைய நிக்க வைப்ப?"

அவள் என் தோளைத் தட்டி, "கிளம்பு, ரயில் வந்துரும்" என்றாள்.

நிலையத்தில் சாரல் நின்றிருந்தது. மேகம் விலகி மலை முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது, கறுப்பாக, மிக அருகில். என் சொந்த ஊரான செங்கல்பட்டில் இவ்வளவு பெரிய மலை கிடையாது. எங்கள் வீடுகளில் இப்படி வளையல் உடைக்கிற வழக்கம் இல்லை என்று ரயிலில் வரும்போது நினைத்திருந்தேன். இல்லையா, அல்லது நான் பார்க்காத அறைகளில் நடக்கிறதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மா போனில் அழைத்தாள். ரயில் நேரத்தைக் கேட்டாள், சாப்பிட்டேனா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கே அதை ஒண்ணும் நீ பாக்கலையே?"

"இல்லம்மா. பாக்கல."

"நல்லவேளை" என்றாள் அம்மா.