மடக்கிய விரல்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்கா. வயிற்றில் ஜெல் தடவுவதும், டாக்டரம்மா கருவியை நகர்த்தும்போது திரையைக் காட்டி "இது தலை, இது கால்" என்று சொல்வதும் அவள் வேலை. காட்டும்போது ஆட்காட்டி விரலை நீட்டமாட்டாள். மடக்கி, விரல் முட்டியால்தான் காட்டுவாள்.

"விரல்ல அடி பட்டுச்சா?" என்று டாக்டரம்மா ஒருமுறை கேட்டார்.

"பழக்கம் மேடம்."

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்பார்கள் அவள் பிறந்த வீட்டில். அந்த வீட்டிலேயே முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்தவள் அவள். இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன், இதே கோடைத் தொடக்கத்தில், அதே ஸ்கேன் கட்டிலில் அவளே படுத்திருந்தாள். திரையில் குட்டியாய் ஒன்று துடித்தது. சந்தோஷம் பிடிபடாமல், "இதோ பாருங்க" என்று புருஷனுக்கு விரலை நீட்டிக் காட்டினாள். அடுத்தமுறை டாக்டரம்மா கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை. மனசு நம்பாததை விரல் நம்பத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

இந்த வருடம் கொல்லை நன்றாகவே கிளம்பியிருந்தது. வெண்டை இடுப்புயரம் வந்து முதல் காய் விட்டாயிற்று. கத்தரியில் ஊதாப் பூ. கொய்யாவில் பட்டாணி பட்டாணியாய்ப் பிஞ்சு. வயர்மேன் புருஷன் மிச்ச வயரை இழுத்துக் கட்டிக்கொடுக்க, பூசணிக்கொடி குளியலறைக் கூரைமேல் ஏறிவிட்டது. வெறும் ஆண் பூவாகப் பூத்து ஏமாற்றியபின், ஒருநாள் காலையில் அடியில் பிஞ்சோடு முதல் பெண் பூ விரிந்தது.

அன்றைக்கென்று பார்த்துத் தங்கச்சி வந்தாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

"அக்கா, அதோ, காய்ச்சிருச்சு!"

நீட்டிய விரலை அக்கா பட்டென்று தட்டிவிட்டாள்.

"என்னக்கா, துப்பாக்கியா நீட்டினேன்? நீ படிச்ச படிப்பெல்லாம் இந்தக் கொடிக்கு உரமாப் போட்டுட்டியா?"

அக்கா சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளடித்தது. காம்போடு கையில் வந்தது. வாசற்படியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் புருஷன் பார்த்தார்.

"பூ விரிஞ்ச அன்னிக்குத் தூறலா இருந்துச்சு. தேனீ வந்திருக்காது. மகரந்தம் ஒட்டலைன்னா விழத்தானே செய்யும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி உக்காந்திருக்க?"

"நாளைக்கு அவளுக்கு ஸ்கேன். நான் லீவு போட்டுடவா?"

"நீ பக்கத்துல இல்லைன்னா படுக்கவே மாட்டேன்னு சொல்லியிருக்கா உன் தங்கச்சி."

மறுநாள் காலை இன்னொரு பெண் பூ விரிந்திருந்தது. ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவினாள். பிஞ்சை நேராகப் பார்க்காமலே தடவினாள்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா கருவியை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். பேசவில்லை. திரையின் சாம்பல் நிறத்தில் எதுவும் இல்லாததுபோல் இருந்தது.

"திரும்பிப் படுத்திருக்கு. சேட்டை," என்றார் டாக்டரம்மா கடைசியில். ஓரத்தில் துடிப்பு தெரிந்தது.

"எங்கக்கா? காட்டேன்."

அக்காவின் விரல் முட்டி திரைக்கு முன்னால் எழுந்தது.

"முட்டியால காட்டினா எனக்கு என்ன தெரியும்? அதுவா?"

தங்கச்சியின் விரல் கட்டிலிலிருந்து நீண்டது. அது திரையின் பக்கம் போவதற்குள் அக்கா பிடித்துத் தன் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"கையை விடு, வலிக்குது."

"பேசாமப் படு."

திரை அணையும்வரை விடவில்லை. டாக்டரம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் புருஷன் கொல்லையிலிருந்து கூப்பிட்டார். "வந்து பாரு, இது விழாம நின்னுடுச்சு. எலுமிச்சை அளவு வந்தாச்சு."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனாள். அகலமான இலையொன்றைக் காம்போடு வளைத்துப் பிஞ்சை மூடினாள்.

"எப்ப அறுக்கலாம்?"

"இன்னும் ஆறு மாசம் போகணும்."

"பூசணிக்காயா?"

அவள் கை கழுவப் போனாள்.