பத்து நிமிட ஈரம்

பக்கத்து அறையில், படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. படுத்திருந்தவர் போய்ச் சேர்ந்து ஒரு வாரமாகியும், அதை நிறுத்த வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக வந்த வாடகைக்கடைக்காரன்தான் உள்ளே போய் சுவிட்சை அணைத்தான். வீடு சட்டென்று வெறிச்சோடியது. அப்போதும் அவர் மனைவி அழவில்லை.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் வைக்கும் மெஷினோடு பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே எல்லோருக்கும் பட்டன் அக்கா. மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் அவள் சிரிப்பு. கணவர் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டாள். அவர் இறந்த அன்று கல் மாதிரி உட்கார்ந்திருந்தாளே என்று உறவுக்காரர்கள் ஜாடைமாடையாகப் பேசினார்கள். அவர்களுக்கென்ன தெரியும், மனசும் கைகால் போல மரத்துப் போகும் என்று?

கடைசி மாதம் அவருக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கையில் தேய்க்கும் ஜெல்லுக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாது, பிளீச்சுக்குத்தான் அடங்கும் என்று வீட்டுக்கு வந்த நர்ஸ் சொன்னாள். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அழுக்கோடு போய்விடும், அதனால் முதலில் சோப்பு. பிறகு பச்சைத் தண்ணீரில் புதிதாகக் கலந்த பிளீச். நேற்றுக் கலந்ததை நம்பக்கூடாது. துடைத்த இடம் பத்து நிமிடமாவது ஈரமாகவே இருக்க வேண்டும். சன்னலைத் திறந்துவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, தினமும் அப்படியே செய்தாள். என்னையும் கிருமின்னு நினைச்சுத் துடைச்சுடாதடி என்று குழறிய வாயோடு அவர் ஒருநாள் கேலி செய்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சு யாருக்கும் புரியவில்லை.

கடைக்காரன் அவசரத்தில் இருந்தான். கீழே வேன் நிற்கிறதாம். ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்கே வீடு திரும்பும் இன்னொருவருக்கு இந்தக் கட்டில்தானாம். அவன் இடுப்பிலிருந்து ஒரு காய்ந்த துணியை உருவியதும் அவள் வந்து நின்றாள்.

"எங்களுக்குக் கொடுக்கும்போதும் இதாலதான் துடைச்சீங்களா தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் எங்கள் அண்ணனுக்கு இதிலிருந்துதான் வந்ததா என்று அவன்மேல் பாய்ந்தாள். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சண்டை போடுங்கள் என்பதுபோல் நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியோ வாளியை எடுக்கப் போய்விட்டாள்.

கம்பி கம்பியாகச் சோப்பு போட்டாள். மெத்தையின் மடிப்புகளைப் பிரித்துத் தேய்த்தாள். தலைமாட்டுப் பலகையை மட்டும் தொடாமலே சுற்றிச் சுற்றி வந்தாள். அங்கே அவர் தலை உரசி உரசிப் படிந்த எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. கிட்டே போனால் அவர் வாசனை.

"அந்த ஒரு இடத்தை விட்டுடுங்க அண்ணி," என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்னு சொல்லிக்க அதுதான் மிச்சம்."

அவள் வெகுநேரம் அந்தக் கறையையே பார்த்தாள். துணியிலிருந்து நுரை சொட்டியது. மரத்துப்போன குரலில் சொன்னாள்:

"இன்னிக்கு வேற ஒருத்தர் அங்க தலை வைக்கப் போறாரும்மா."

ஒரே இழுப்பில் கறை போய்விட்டது. நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பிளீச் தண்ணீர் பட்டுக் கட்டில் முழுவதும் பளபளத்தது. கடைக்காரனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. போதும்க்கா என்று அவன் மறுபடி துணியை எடுக்க, அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். காய ஆரம்பித்த இடத்தில் எழுந்துபோய் மீண்டும் நனைத்தாள். போனில் அவன் யாரிடமோ, இங்கே ஒரு அக்கா விடமாட்டேங்கிறாங்க, லேட்டாகும் என்று சொல்லிவிட்டுத் தரையில் குந்திக்கொண்டான்.

பத்து நிமிடம் ஆனதும், இரும்பு துருப்பிடிக்காமலிருக்க நல்ல தண்ணீரில் அவளே துடைத்துக் கொடுத்தாள்.

கட்டிலைக் கழற்றிப் பாகம் பாகமாக இறக்கிவிட்டுக் கடைசியாக மெத்தைக்கு வந்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டாள்.

"தம்பி. அந்த வீட்ல இருக்கவங்ககிட்ட சொல்லுங்க. பயப்படாம படுக்கலாம்னு."

"சொல்றேன்க்கா," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

படிகளில் அவன் இறங்கிப்போகும் சத்தம் தேய்ந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.